புதுப்பேட்டையில் ஒரு கலர் ரவுண்ட்!

எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்கி பொடிநடையா போனா புதுப்பேட்டை. பழைய கார் பார்ட்ஸுக்குப் பேர் போன ஏரியா. 'டங்கு டங்கு'ன்னு டிங்கரிங் சத்தம், மூக்கைத் துளைக்கிற தின்னர் வாசனை!

அப்பாவோட பழைய காருக்கு பெயின்ட் அடிக்கணுமா? கடைக்குக் கடை ஒரு ரேட் சொல்வாங்க. டென்ஷன் ஆகாதீங்க. காசு பெயின்ட்டுக்கு மட்டுமில்ல பாஸ், அதுக்கு முந்தின வேலைக்கும்தான்! துரு சுரண்டி, ஒடுக்கு எடுத்து, பட்டி பூசி, வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு, ப்ரைமர் அடிச்சு... அப்புறம்தான் கலர், அதுக்கு மேல க்ளியர் கோட். மெட்டாலிக்னா கலர் மேட்ச் பண்றதே தனி வித்தை. தூசி புகாத பூத்ல சுமார் 60 டிகிரி சூட்டுல காய வெச்சா இன்னும் செலவு.

ரேட் ரொம்பக் குறைஞ்சா, இதுல ஏதோ ஒண்ணு கட்! துரு மேலேயே அடிச்சா சீக்கிரமே கொப்புளம் கிளம்பிடும். அதனால, 'எவ்ளோ?'ன்னு கேக்கறதுக்கு முன்னாடி, 'என்னென்ன பண்ணுவீங்கண்ணே?'ன்னு கேளுங்க!