பூவரசம் பூவும் பொப்பி மலரும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், நவம்பர் நடுப்பகுதியில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு கொழும்புக்குச் சென்றிருந்தேன். பொது நூலகத்தைப் பார்த்து முடித்தபின் அதன் அருகே விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்கும் போர் நினைவுத் தூணைக் காட்டினேன். அதன் அடியில் மலர்வளையங்கள் வாடிக் கிடந்தன. தூணை ஒருமுறை சுற்றி வந்த மாணவன் ஒருவன் கேட்டான்:

"சேர், இதுக்குள்ளை ஆரையாவது தாட்டிருக்கோ?"

"ஒருத்தரையும் இல்லை, தம்பி. செத்த ஆக்கள் எங்கெங்கேயோ கிடக்கினம்."

"அப்ப ஆளில்லாத கல்லுக்கோ இவ்வளவு மரியாதை?"

பையன் கோப்பாய்ப் பக்கத்தவன். அவன் குரலில் குறும்பு இருக்கவில்லை. அத்தூணுக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயரின் பொருளே வெற்றுக் கல்லறை என்பதுதான் என்றும், லட்டியென்ஸ் என்னும் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் வரைந்தது என்றும், முன்பு காலிமுகத்திடலில் நின்ற அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கு கொணரப்பட்டது என்றும் விளக்கினேன். ஆசிரியனுக்கு விடை தெரியாத வேளைகளில் தகவல்கள் பெரிதும் உதவுகின்றன. அவன் தலையசைத்துவிட்டுப் பேசாமல் நின்றான். என் கண்ணோ அந்த வளையங்களிலிருந்த செந்நிறப் பொப்பி மலர்களிற் சென்று நின்றது.

பொப்பி மலர்மீது எனக்குப் பகை இல்லை. 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்த பெரும் போரில், பிரான்சிலும் பெல்ஜியத்திலும் குண்டுகள் கிளறிப்போட்ட மண்ணிற் செழித்துப் பூத்த மலர் அது. 1921இல் பிரித்தானியாவில் அதனை விற்கத் தொடங்கினர். மறு ஆண்டிலேயே, கை கால் இழந்த போர்வீரர்கள் தாமே அம்மலர்களைச் செய்து பிழைப்பதற்கு லண்டனில் ஒரு தொழிற்சாலையும் எழுந்தது. இதிற் குறை காண்பதற்கு என்ன இருக்கின்றது? கடல் கடந்து எம்மிடம் வந்த பின்னரே அம்மலர் வேறு பொருள் கொண்டது. அடிமை நாடாயிருந்த இலங்கையில் பொப்பி அணிவது இராச விசுவாசத்தின் அடையாளமாயிற்று. பாடசாலைப் பிள்ளைகளும் காசு கொடுத்து வாங்கினர். திரண்ட பணத்தின் பெரும்பகுதியோ பிரித்தானியப் போர்வீரர்களின் நலனுக்கென்று கப்பலேறியது. அதே பேரரசுக்காகப் போருக்குப் போய்த் திரும்பி வறுமையில் வாடிய இலங்கையர் இங்கேயே இருந்தனர்.

"அவர்களுக்கு என்ன?" என்று முதலிற் கேட்டவர் அரசியல்வாதி அல்லர், முன்னாட் போர்வீரரான ஏலியன் பெரேரா. 1931இல் அவர் பொப்பிக்கு எதிராகச் சூரியமல் விற்பனையைத் தொடக்கிவைத்தார். யாழ்ப்பாண வாலிப காங்கிரஸ் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரித்ததும் அதே ஆண்டிற்றான். சூரியமல் என்பது சூரியகாந்தி என்றே நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். அது நம் பூவரசம் பூ! வேலிக் கதியாலாக நிற்கும் பூவரசு. வயலுக்குக் குழையாகும் பூவரசு. இலையைச் சுருட்டி நாம் பீப்பீ ஊதிய பூவரசு. காலையில் மஞ்சளாய் மலர்ந்து மாலையிற் சிவந்து வாடும் அந்தப் பூ ஏகாதிபத்தியத்தின் முகத்துக்கு நேரே நீட்டப்பட்டது என்று அறிந்த நாளில் எங்கள் வேலியைப் புதிதாய்ப் பார்த்தேன்.

1933இல் வாலிபர் சங்கங்கள் இவ்வியக்கத்தைக் கையேற்றன. அதன் முதற் தலைவராக அமர்ந்தவர் டொரீன் யங் என்னும் ஆங்கிலப் பெண்மணி. ஆனந்த பாலிகா வித்தியாலயத்தின் அதிபராயிருந்த அவர், இந்நாட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பொப்பி வாங்குவிப்பதைக் கண்டித்து, 'மலர்களின் போர்' என்னும் தலைப்பில் ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். பாடசாலை வளவிலேயே சூரியமலர்கள் செய்யப்பட்டன. ஒரு பாடசாலை அதிபர் தம் சொந்த நாட்டின் அரசுக்கு எதிராக இவ்வளவு செய்தார் என்பதை இடமாற்றத்துக்கு அஞ்சி வாய் திறவாதிருக்கும் நம்மவர் சற்று எண்ணிப் பார்க்கலாம். நானும் அவ்வாறு அஞ்சியவனே. அதே 1933இல் பிரித்தானியாவிலும் கூட்டுறவு இயக்கத்துப் பெண்கள், இனிப் போர் வேண்டாம் என்று வெண்பொப்பி விற்றனர். இவ்விரு மலர்களும் ஒன்றையொன்று அறிந்திருந்தனவோ, தெரியாது.

சூரியமற் காசு ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளை ஒன்றின் கல்விக்குச் சென்றது. 1934, 35ஆம் ஆண்டுகளில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனபோது, மலர் விற்ற இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது இவர்களிடையேதான். இவை நாம் பெருமையோடு சொல்லும் கதைகள். ஆனால் ஏலியன் பெரேரா எந்த முன்னாட் போர்வீரர்களுக்காக அந்தப் பூவைக் கையிலெடுத்தாரோ அவர்கள் இக்கதையின் நடுவிலே எங்கோ தொலைந்து போகின்றனர். நம் இடதுசாரி மேடைகளிலும் அவர்களைப் பற்றி எவரும் பேசி நான் கேட்டதில்லை.

பின்னர் எம் நாட்டிலேயே போர் வந்தது. 2009இல் அது முடிந்தபின் வடக்கில் வெற்றித் தூண்கள் எழுந்தன. கிளிநொச்சியில் குண்டு துளைத்த கொங்கிறீட்டுச் சதுரமும் அதன் உச்சியில் ஒரு தாமரையும் நிற்கின்றன. அந்த வெற்றிக்காகக் கால் இழந்த சிங்களக் கிராமத்து இளைஞர்களோ, 2016இல் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்பு வீதியில் இறங்க வேண்டியிருந்தது. மறுபுறத்தில், கோப்பாய்த் துயிலும் இல்லம் 1995க்குப் பின் ஒருமுறையும், மீளக் கட்டப்பட்டுப் போர் முடிந்தபின் இன்னொரு முறையும் இடிக்கப்பட்டது. 2011இல் அவ்விடத்திற் படைத் தலைமையகம் திறக்கப்பட்டது. அக்கல்வரிசைகளை எழுப்பிய இயக்கத்தோடு எனக்குத் தீராத வழக்கு உண்டு. வகுப்பிலிருந்த பிள்ளைகளையும் அது போருக்குக் கொண்டுபோனது. சென்ற பிள்ளைகளின் பெயரை இடாப்பில் வெட்டியவன் நான். ஆயினும் அந்தக் கற்களின் கீழே கிடந்தவர்கள் அப்பிள்ளைகளே.

பூங்காவை விட்டுப் புறப்படும்போது பையன் என்னருகே வந்தான். தன் மாமா ஒருவர் கோப்பாயிலே கிடந்தவர் என்று சொன்னான்.

"கார்த்திகையிலை அம்மம்மா என்ன செய்யிறவ?" என்று கேட்டேன்.

"காம்புக்கு முன்னாலை, றோட்டுக்கு இங்கால் பக்கம் நிண்டு விளக்குக் கொளுத்துவா, சேர். அந்த நேரம் எப்பவும் மழைதானே. நான் குடை பிடிக்கிறனான்."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. மற்ற மாணவர்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.