சுருக்குப்பைக் கயிறு

இத்தாலியின் பாதுவா ஊரில் ஸ்குரோவெக்னி சிற்றாலயத்துக்குள் உடனே விடமாட்டார்கள். வெளியிலிருந்து வரும் ஈரமும் தூசியும் ஓவியங்களை அரித்துவிடும் என்று கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்காரவைத்து, பிறகுதான் கதவைத் திறக்கிறார்கள். உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான். நட்சத்திரம் தெளித்த நீலக் கூரையை அண்ணாந்து பார்த்ததிலேயே எனக்குப் பாதி போய்விட்டது. திரும்பினால், மேற்குச் சுவர் முழுவதும் இறுதித் தீர்ப்பு.

ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் வரைந்தது. கிறிஸ்துவைச் சூழ்ந்த ஒளியிலிருந்தே நெருப்பு ஆறு புறப்பட்டு, அவருடைய இடப்பக்கமாக இறங்கி நரகமாகிறது. கீழே சாத்தான் சாம்பல்நீல உடம்போடு உட்கார்ந்து மனிதர்களை மென்றுகொண்டிருக்கிறான். அவனைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. உடம்பு சில்லிட்டது, அந்தக் கூட்டத்தில் சின்னதாகத் தெரிந்த சிலரைக் கண்டபோதுதான். தூக்கில் தொங்குகிறார்கள். அவர்கள் கழுத்தை இறுக்குவது அவரவர் பணப்பையின் சுருக்குக் கயிறு. எல்லாரும் வட்டிக்கு விட்டவர்கள்.

கோயிலைக் கட்டிய என்ரிகோ ஸ்குரோவெக்னியின் அப்பா ரெஜினால்தோ, ஊரறிந்த வட்டிக்காரர். வட்டி வாங்குவதே பாவம் என்று திருச்சபை சொன்ன காலம் அது. சில ஆண்டுகளில் கவிஞர் தாந்தேயும் தன் காவியத்து நரகத்தில் ஒரு வட்டிக்காரரைக் காட்டினார். அவர் கழுத்திலும் ஒரு பை, அதில் நீலப் பன்றி. ஸ்குரோவெக்னி குடும்பச் சின்னம் அது.

அதே சுவரில் என்ரிகோவும் இருக்கிறார். ஊதா அங்கியில் மண்டியிட்டு, இந்தக் கோயிலின் சிறு வடிவத்தை மாதாவிடம் ஒப்படைக்கிறார். அவருக்கும் நெருப்புக்கும் நடுவே வானதூதர் இருவர் தாங்கிப் பிடித்த சிலுவை மட்டுமே. மன்னிப்பை விலைக்கு வாங்கப் பார்த்தார் என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அதை ஏற்க முடியவில்லை. விலை பேசுகிறவர் அந்தக் கயிறுகளை வரையவிட்டிருப்பாரா? அப்பா செய்த தொழிலுக்கு என்ன தண்டனை என்பதைத் தன் காசில் எழுதவைத்து, வந்து ஜெபித்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் அது கண்ணில் படும்படி விட்டிருக்கிறார். அந்த மனம் எவ்வளவு வலித்திருக்கும்!

ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பை எங்கும் தென்படுகிறது. எதிரே, பீடத்து வளைவின் பக்கம், யூதாஸ் அதைக் கையில் வாங்குகிறான். கரும்பேய் ஒன்று பின்னால் நிற்கிறது. பக்கச்சுவரில் தீக்குணங்களின் வரிசையில் பொறாமை என்ற பெண்ணின் பிடியிலும் ஒரு பை. அவள் வாயிலிருந்து நீண்ட பாம்பு அவள் கண்ணை நோக்கியே திரும்புகிறது.

நேரம் முடிந்தது என்று அழைத்தார்கள். கடைசியாக ஒருமுறை அந்தச் சிலுவையைப் பார்த்தேன். அதன் பின்னால் சின்னஞ்சிறு உருவம் ஒன்று மரத்தைப் பற்றிக்கொண்டு ஒளிந்திருந்தது.