ஹெரால்ட் பெய்ன்ஸ்: நீண்ட காலம் ஆடினால் போதுமா?

ஒரு ஆட்டக்காரர் 22 சீசன் தாக்குப்பிடித்துவிட்டாலே அவரை மகா ஆட்டக்காரர் என்று சொல்லிவிடலாமா? அமெரிக்க பேஸ்பால் ரசிகர்கள் ஹெரால்ட் பெய்ன்ஸ் விஷயத்தில் மல்லுக்கட்டியது இதற்காகத்தான்.

1977-ல் புது வீரர்கள் தேர்வில் சிகாகோ வைட் சாக்ஸ் முதல் ஆளாக எடுத்தது இவரைத்தான். 1980 முதல் 2001 வரை ஆடினார். 2866 ஹிட், 384 ஹோம் ரன். இவர் அடித்து அணிக்கு வந்த ரன்கள் 1628. 1984-ல் மில்வாக்கி அணியோடு 8 மணி நேரத்துக்கும் மேல் இழுத்த 25 இன்னிங்ஸ் ஆட்டத்தை ஒரு ஹோம் ரன்னில் முடித்து வைத்தவரும் இவரே. 1989-ல் இவரை டெக்சாஸுக்கு மாற்றிவிட்ட அதே வைட் சாக்ஸ், சில வாரங்களிலேயே இவருடைய 3-ஆம் எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இது சாதாரண மரியாதை இல்லை!

சரி, எதிர்க்கட்சி என்ன சொல்கிறது? ஒரு சீசனில்கூட 30 ஹோம் ரன்னோ 200 ஹிட்டோ இல்லை. 1987 முதல் முழங்கால் தொல்லையால் பெரும்பாலும் பேட்டிங் மட்டும்தான். ஃபீல்டிங் பங்களிப்பு கிடையாது. ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போடும் பத்திரிகையாளர்கள் இவருக்கு 7 சதவீதம்கூடத் தரவில்லை. 2011-ல் பட்டியலிலிருந்தே பெயர் போய்விட்டது.

ஆனால் 2018 டிசம்பரில், 16 பேர் கொண்ட ஒரு கமிட்டி 12 ஓட்டில் இவரைத் தேர்ந்தெடுத்தது. தேவையானதும் சரியாக 12தான். அந்தக் கமிட்டியில் இவருடைய பழைய மேனேஜர் டோனி லா ரூசாவும், வைட் சாக்ஸ் முதலாளி ஜெர்ரி ரெய்ன்ஸ்டார்ஃபும் இருந்தார்கள். சும்மா விடுவார்களா ரசிகர்கள்?

ஆதரவாளர்களிடமும் பதில் உண்டு. 1981, 1994 வேலைநிறுத்தங்களில் எத்தனையோ ஆட்டங்கள் போயின. அவை நடந்திருந்தால் 3000 ஹிட்டுக்குக் குறைந்த அந்த 134-ம் வந்திருக்கலாம். வந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் 134 ஹிட்டில் ஒருவருடைய தரம் மாறிவிடுமா என்ன?

2019-ல் இவரோடு நுழைந்த எட்கர் மார்டினெஸைப் பாருங்கள். அவரும் பேட்டிங் மட்டுமே செய்தவர் என்று பெயரெடுத்தவர்தான். ஹிட் 2247தான், ஆனால் இரண்டு முறை லீகின் பேட்டிங் பட்டம் வென்றார். பெய்ன்ஸ் பல வருடம் நன்றாக ஆடியவர். மார்டினெஸ் சில வருடம் எல்லோரையும்விட நன்றாக ஆடியவர். முதல் தரம் என்றால் இரண்டாவதுதான்.

அதற்காக பெய்ன்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை. கதவைத் திறந்தது அவர் இல்லையே!