கைக்கு அடங்கிய மூட்டை

நடுநாட்டுத் திருத்தலங்களைச் சேவிக்கப் புறப்படும் அன்பர்களுக்குக் கள்ளக்குறிச்சி மாவட்டம் இருவேறு நிலங்களைக் காட்டும். வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவிலூர். வெயில் காயும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. 2,000 அடிக்கு மேல் ஏறும் கிராமங்கள், மார்கழியிலும் தையிலும் உடல் நடுங்கும் குளிர். மூன்று நாளில் இரண்டையும் கண்டு திரும்பலாம். ஆயினும் முதியவர் பலர் புறப்படும் முன்பே தயங்கி நின்றுவிடுகின்றனர். கால்வலியைவிட அவர்களைத் தடுப்பது மூட்டை. பேருந்துப் படியேறப் பேரன் கைகொடுக்க வேண்டும், இறங்கினால் மகன் பெட்டியைச் சுமக்க வேண்டும் என்றானபின், "உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்று யாத்திரையே வேண்டாமென்று சொல்லிவிடுகின்றனர். தம் பையைத் தாமே தூக்கக்கூடியவரைக்கும் யாத்திரை தம் கையில் இருக்கிறது. ஆகவே எதை எடுப்பது, எதை விடுப்பது என்பது அற்பமான கேள்வியன்று.

திருக்கோவிலூரில் கோயில் கொண்டுள்ள உலகளந்த பெருமாளே இதற்கு விடை சொல்கிறார். மூவுலகையும் அளந்த அந்தத் திரிவிக்கிரமன், மாவலியின் வேள்விச் சாலைக்கு வந்தபோது கொண்டுவந்தவை ஓலைக்குடையும் கமண்டலமும் தண்டுமே. கேட்டது மூவடி மண். முதலாழ்வார் மூவரும் சந்தித்ததும் இவ்வூரிலேதான். மழையிரவொன்றில் ஓர் இடைகழியில் ஒதுங்கினர். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும்படியான இடம் அது. மூவரும் நின்றபடி பகவத் குணங்களை அனுபவிக்க, நான்காமவராக எம்பெருமான் வந்து நெருக்கினார் என்பது குருபரம்பரை வரலாறு.

இவ்வூர் செல்பவருக்கு மூன்று உடைகள் போதும். உடுத்தியது ஒன்று, துவைத்து உலர்வது ஒன்று, சன்னிதிக்கென மடித்து வைத்தது ஒன்று. ஆடவர்க்குப் பயணத்திற்கு நாலு முழ நூல் வேட்டிகள் இரண்டும், சன்னிதிக்குச் சேலம் வெண்பட்டில் எட்டு முழ வேட்டியும் அமையும். பட்டு கனமற்றது, விரைவில் உலர்வது. மகளிர்க்கு மதுரைச் சுங்குடி ஒன்று, மெல்லிய நூற்புடவை ஒன்று, சிறு கரையிட்ட பட்டு ஒன்று. கனத்த ஜரிகைப் பட்டு ஒன்றே பையின் பாதியை நிறைத்துவிடும். அரக்கு நிற ரவிக்கை சந்தனம், மஞ்சள், பச்சை என எந்தப் புடவைக்கும் பொருந்துமாதலால், புடவைக்கொரு ரவிக்கை தேவையில்லை. நூல் துணிகளைச் சுருட்டி வைத்தால் இடம் மிகும். பட்டை மட்டும் பழைய வேட்டித் துண்டில் சுற்றி மேலே வைப்பது நம் வீடுகளில் வழிவந்த முறை. தடித்த துவாலைக்குப் பதிலாக ஈரிழைத் துண்டு எடுத்தால் அரைநாளில் உலரும்.

உடை குறைந்தால் மதிப்புக் குறையுமோ என்று ஐயுறுவோர்க்கும் இவ்வூரிலேயே மறுமொழி உண்டு. மெய்ப்பொருள் நாயனார் அரசாண்ட நகரம் இது. பகைவனான முத்தநாதன் திருநீறு பூசி, அடியார் வேடந்தாங்கி, சுவடி மூட்டைக்குள் கத்தியை ஒளித்து வந்தான். குத்துண்டு வீழும் நிலையிலும் நாயனார் அந்த வேடத்தையே மெய்ப்பொருளென வணங்கினார்; தம் காவலன் தத்தனைக் கொண்டே அவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் செய்தார். அவர் போற்றியது உடையின் விலையை அன்று. அது நினைவூட்டிய இறைவனை. வெளுத்த வேட்டியும் நெற்றியில் நீறோ திருமண்ணோ இருந்தால், அதுவே வீரட்டானேசுவரர் சன்னிதிக்கும் உலகளந்தான் சன்னிதிக்கும் நிறைவான கோலம்.

பயண வரிசையும் பையைக் குறைக்கும். முதலில் திருக்கோவிலூர், பின்னர் மலை என்று வைத்துக்கொள்வது நலம். சமவெளி வெயிலில் துவைத்தவை மாலைக்குள் உலர்ந்துவிடும். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து வெள்ளிமலைக்கு ஏறிவிட்டால், மூடுபனியில் துணி காய்வது அரிது. கம்பளிச் சட்டையைப் பையில் திணிக்காமல் மலையேறும்போது உடுத்திக்கொள்ளலாம். சால்வை ஒன்று பலவாகும்: பேருந்தில் தலையணை, காலையில் போர்வை, கோயில் மண்டபத்தில் விரிப்பு. பெரியார் அருவியைக் காணச் செல்வோர் பாசி படிந்த பாறையில் இறங்காமல் நின்று கண்டு வருவது முதுமைக்கு ஏற்றது. வழுக்காத அடிப்பாகமும், குனியாமலே கழற்றும் வசதியும் உள்ள செருப்பு ஒரு இணை போதும்.

இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று சொல்லும் மரபுடையவர்கள். பொய்கையாழ்வார் அவதரித்ததும் அந்தக் காஞ்சியே. அவ்வளவு தொலைவையும் அன்று நடந்தே கடந்தவர்கள் எவ்வளவு சுமந்திருக்க முடியும் என்று மலைப்பாதையில் எண்ணிப் பார்த்தால், மடியிலிருக்கும் பை இன்னும் சற்றுக் கனமாகவே தோன்றும்.

மருந்துகளும் மருத்துவர் சீட்டும் மூக்குக் கண்ணாடியும் பெரிய பைக்குள் போகலாகாது. அவை தோளில் மாட்டும் சிறு பையில், எப்போதும் கைக்கெட்டும்படி இருக்க வேண்டும். கட்டி முடித்தபின் ஒருமுறை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசற்படியை ஏறி இறங்கிப் பார்ப்பது நன்று. மூச்சு வாங்கினால் ஒரு துணியை எடுத்துவிடலாம். ஒரு கையில் பை இருக்க, மறுகை கைப்பிடியைப் பற்ற முடிய வேண்டும், அதுவே அளவு.

பையின் ஒரு மூலையை வெறுமையாகவே விட்டுச் செல்வது பெரியோர் வழக்கம். திரும்பும்போது அங்கே துளசியும் திருநீறும் பிரசாதமும் அமரும். இடைகழியில் நின்ற மூவரும் மூட்டைகளோடு வந்திருந்தால், நான்காமவருக்கு அங்கே இடமிருந்திராது.