குடகு மழையில் ஒரு குருத்து

ஆடி மாதத்தில் மடிக்கேரிக்குப் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு முறை போய் வாருங்கள். குடையை மட்டும் மறந்துவிடாதீர்கள்! நம் காவேரி பிறக்கிற குடகில் இதைக் 'கக்கட' மாதம் என்பார்கள். வயலில் நாற்று நடவு மும்முரமாக நடக்கும். மூங்கில் புதர்களின் அடியில் கூரிய கொம்பு போலக் குருத்துகள் தலை நீட்டும்.

போன வருஷம் அங்கே ஒரு சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தேன். முதல் நாள் இரவே மூங்கில் குருத்துக் குழம்பு பரிமாறினார்கள். 'பைம்பளெ கறி' என்று பெயர். தேங்காய் அரைத்துவிட்ட அந்தக் குழம்பை 'ஒட்டி' என்ற அரிசி ரொட்டியோடு சாப்பிட வேண்டும். அடடா, என்ன ருசி!

எனக்கு உடனே வீட்டு ஞாபகம் வந்தது. கணவருக்குச் சர்க்கரை வியாதி. மகளோ மாவுச்சத்தைக் குறைக்கும் 'கீட்டோ' பத்தியக்காரி. நானோ மாமிசம் தொடாதவள். உடம்பு இளைக்க வேண்டும் என்ற கவலை வேறு! 100 கிராம் பச்சைக் குருத்தில் சுமார் 27 கலோரிதான். மாவுச்சத்து 5 கிராம், கொழுப்பு அரை கிராம்கூட இல்லை. நார்ச்சத்தும் உண்டு. மூன்று பேருக்கும் ஒரே குழம்பு வைத்துவிடலாமே!

மறுநாள் சந்தையில் இரண்டு குருத்து வாங்கி வந்தேன். தோலை உரித்து, அரிந்து, நேரே வாணலியில் போடப் போனேன். சிநேகிதியின் மாமியார் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம் மகளே! அப்படியே சமைத்தால் விஷம்!"

அவர் சொன்னது வாஸ்தவம். பச்சைக் குருத்தில் சயனைடை வெளிவிடும் பொருள் ஒன்று இருக்கிறது. அதுதான் அந்தக் கசப்பு. அவர் குருத்தை மெல்லிசாக அரிந்து தண்ணீரில் போட்டார். இரண்டு நாள் ஊறவைத்து, அவ்வப்போது தண்ணீரை மாற்றினார். பிறகு நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டினார். அதற்குப் பிறகுதான் மசாலாவைத் தொட்டார்!

ஊருக்குத் திரும்பி, அதே முறையில் சமைத்தேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. தைராய்டு மாத்திரை சாப்பிடும் என் அக்காவும் தினம் ஒரு கிண்ணம் கேட்டாள். நல்லவேளை, முதலில் டாக்டரைக் கேட்டோம். வேகவைத்த பின்னும் குருத்தில் எஞ்சும் சிறிதளவு பொருள், தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடும் என்றார். "தினமும் வேண்டாம், எப்போதாவது கொஞ்சம் போதும்" என்று சொல்லிவிட்டார். பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டுமாம்.

சகோதரிகளே, ஒரே குருத்துதான். ஒருவருக்குப் பத்தியம், இன்னொருவருக்கு ஆகாது. யாருக்கு எவ்வளவு என்று பார்த்துப் பரிமாறுங்கள். ஆனால் அந்த இரண்டு நாள் பொறுமையை மட்டும் யாருக்காகவும் குறைத்துவிடாதீர்கள்!