திருப்பி வைத்த செருப்பு

ஜப்பானிலிருந்து கும்பகோணத்துக்கு வந்து இறங்கிய மூன்றாம் நாளே வாசலில் முதல் வழக்கு வந்துவிட்டது. எங்களைப் பார்க்க வந்த பெரியம்மா காபி குடித்து, என் மகளுக்கு நெட்டி முறித்து திருஷ்டி கழித்து, எல்லாம் நல்லபடியாக முடிந்து கிளம்பும்போது வாசற்படியில் நின்றுவிட்டார். வீட்டைப் பார்த்தபடி கழற்றிப் போட்ட அவருடைய செருப்பு இப்போது ஜோடி சேர்ந்து தெருவைப் பார்த்து நின்றது.

"யாருடி இது திருப்பி வச்சது? வந்தது போதும் கிளம்புன்னு சொல்றாளா உன் மருமக?" என்று அம்மாவிடம் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எங்கள் குடும்பத்தில் அந்தச் சிரிப்பு ஆறு மாதத்துக்குத் தாங்கும்.

ஜப்பானில் வீட்டு வாசலை ஒட்டி ஒரு படி தாழ்வான இடம் இருக்கும். கெங்கான் என்பார்கள். வந்தவர் அங்கே கழற்றிவிட்ட காலணியை, அவர் உள்ளே பேசிக்கொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் வெளிமுகமாகத் திருப்பி வைப்பது வீட்டுக்காரரின் மரியாதை. போகும்போது குனிந்து தடவாமல் காலை நுழைத்துக்கொள்ளலாம் அல்லவா? என் மனைவி செய்தது அதுதான். இதைப் பெரியம்மாவுக்கு நான் விளக்கியிருக்கலாம். மாறாக, "சின்னது விளையாட்டா பண்ணிருக்கும் பெரியம்மா" என்று மகள் தலையில் போட்டேன். "என்ன சொல்கிறார்?" என்று ஜப்பானிய மொழியில் கேட்ட மனைவியிடம், "உன் ஒழுங்கைப் பாராட்டுகிறார்" என்றேன். ஒரே நிமிடத்தில் இரண்டு மொழியில் இரண்டு பொய்.

பதினோரு வருடம் தோக்கியோவில் இருந்தேன். கடைசி ஏழு வருடம் நிஷி கசாய். இந்தியக் கம்ப்யூட்டர்காரர்கள் கூட்டமாகக் குடியிருக்கும் பகுதி. உளுந்தும் புளியும் தேடி அலைய வேண்டாம். கல்யாணம் வார்டு அலுவலகத்தில் நடந்தது. நடந்தது என்பதே பெரிய வார்த்தை. ஒரு படிவம், இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, கவுண்டரில் இருந்த பெண் எழுந்து நின்று சொன்ன ஒரு வாழ்த்து, அவ்வளவுதான்.

அங்கே குடும்பம் என்றால் கொசெகி என்ற குடும்பப் பதிவேடு. பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அதில் ஏறும். வெளிநாட்டவனுக்கு அதில் தனி இடம் கிடையாது. இன்ன தேதியில் இன்ன நாட்டு இன்னாரை மணந்தாள் என்று மனைவியின் பெயருக்குக் கீழே ஒரு குறிப்பு வரும். அந்தக் குறிப்புதான் நான். 2012 ஜூலைக்கு முன்னால் குடியிருப்போர் பதிவேட்டில்கூட வெளிநாட்டுக் கணவன் குடும்பத்தோடு சேர்ந்து வரமாட்டான். நான் கொஞ்சம் தாமதமாகப் போனதால் தப்பித்தேன். குடியிருப்பு அட்டை எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பால் வாங்கப் போனாலும் சட்டைப்பையில் இருக்கும்.

இங்கே வந்ததும் கணக்கு தலைகீழானது. மனைவி வந்தது நுழைவு விசாவில். நூற்றெண்பது நாளுக்கு மேற்பட்ட விசா என்பதால் பதினான்கு நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு. மகளுக்கும் ஜப்பான் பாஸ்போர்ட். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை, ஆக அவளும் இந்தியச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டுக்காரி. அங்கே மூன்று பேரில் நான் ஒருவன் வேற்றாள். இங்கே மூன்று பேரில் இரண்டு பேர். என்னைச் சொந்த ஊர்க்காரனாக்க வீட்டில் இரண்டு பேர் விருந்தாளியாக வேண்டியிருந்தது.

பிறகு ஓசிஐ அட்டை, அதாவது ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், கல்யாணம் பதிவாகி இரண்டு வருடம் தொடர்ந்து நீடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். ஜப்பானியக் காகிதத்துக்கு அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை, கூடவே மொழிபெயர்ப்பு. ஓர் அலுவலகத்தில், மாலையும் கழுத்துமாக ஒரு போட்டோகூட இல்லையா சார் என்று நிஜமான வருத்தத்தோடு கேட்டார்கள். அம்மா "ஓசி" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, "சும்மாவா குடுக்குறாங்க?" என்றாள். 15,000 ரூபாய் என்றதும் அந்தப் பெயர் வைத்தவனைத் திட்டினாள். பெயரில் குடிமகன் என்று இருக்கிறதே தவிர ஓட்டு கிடையாது, வயல் வாங்க முடியாது. கல்யாணம் முறிந்தால் அட்டையும் ரத்தாகலாம். இந்தக் கடைசி விதியை மனைவி இரண்டு முறை படித்தாள். "அப்படியானால் உன்னை விட்டுத் தொலைக்கவும் வழியில்லை" என்றாள்.

நான் சொல்ல வந்தது காகிதத்தைப் பற்றி அல்ல. பதினோரு வருடம் நான் நல்ல விருந்தாளியாக இருந்தவன். விருந்தாளி வேலை சுலபம். எரியும் குப்பை, எரியாத குப்பை என்று கிழமை பார்த்துப் போட்டேன், ரயிலில் போன் பேசவில்லை, குனிய வேண்டிய இடத்தில் குனிந்தேன். ஊர் திரும்பி வீட்டுக்காரன் ஆனபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. கரண்ட் போனால் மனைவியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். பஸ்காரர் ஹாரன் அடித்தால் காரணம் சொன்னேன். கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் மட்டும் என்று பலகை வைத்திருந்த ஒரு கோயிலில், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரலாற்றையெல்லாம் கால் மணி நேரம் வியர்க்க வியர்க்கச் சொன்னேன். அவள் தூணடியில் உட்கார்ந்து மகளோடு புறா எண்ணிக்கொண்டிருந்தாள். உண்மையில் ஹாரனும் கரண்டும் என்னைத்தான் எரிச்சல்படுத்தின. விட்டுப் போன ஊர் அப்படியே இருக்கும் என்று நான்தான் நினைத்திருந்தேன். அவளுக்கு அப்படி ஒரு ஊர் மனதில் கிடையாது; எதிரில் இருப்பதைப் பார்த்தாள்.

ஒரு நாள் கேட்டாள்: "இந்த ஊருக்கு நீ ஏன் எப்போதும் வக்கீல் மாதிரி பேசுகிறாய்? நான் வழக்கு எதுவும் போடவில்லையே." சற்று நிறுத்தி, தமிழில், "பெரியம்மா அன்னைக்கு என்னைப் பாராட்டலை. தெரியும்" என்றாள்.

அவளுக்கு என் மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அது எனக்குத்தான் தெரியவில்லை. தமிழை அவள் அடுப்படியில் அம்மாவிடம் கற்றாள். அம்மா ஒரு கரண்டி ரசத்தை நீட்டி "சாப்பிட்டுப் பாரு" என்றபோது அவள் துள்ளினாளாம். ஜப்பானிய மொழியிலும் அதே அடுக்கு: தாபெதே மீரு. தாபெதே சாப்பிட்டு, மீரு பார். வினை கடைசியில் வருவதும், ஒரு வினையோடு இன்னொன்று ஒட்டிக்கொள்வதும் அவளுக்குப் பழகிய வழி. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருடம் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு அடுப்படியில் மட்டும் ஜெயித்துவிட்டார்.

சோறு விஷயத்தில் சமாதானம் இல்லை. பருக்கை பருக்கையாக நிற்பது அம்மாவுக்குச் சோறு. ஒட்டினால்தான் மனைவிக்குச் சோறு. அவள் வடித்ததைப் பார்த்து "குழைஞ்சு போச்சே" என்று அம்மா உச்சுக்கொட்டுவாள். இப்போது இரண்டு குக்கர்.

செருப்புகளை அவள் திருப்புவதை நிறுத்தவில்லை, நானும் யாருக்கும் விளக்கம் சொல்வதில்லை. முட்டிவலிக்கார அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி நுழைத்துக்கொள்கிறார். ஒரு நாள் விட்டுப்போனால் "என்ன, செருப்பு கோணலா கெடக்கு?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

வெளியே கிளம்பும்போது போறேன் என்று சொல்லக் கூடாது, போய்ட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா முதல் வாரமே அவளுக்குப் பாடம் எடுத்திருந்தாள். அதற்கும் துள்ளல்தான். இத்தே கிமாசு என்றால் அச்சு அசல் போய்ட்டு வரேன். ஆனால் திரும்பி வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் கேட்டதற்கு அம்மாவிடம் பதில் இல்லை. "வந்தா என்னத்தச் சொல்றது? கால கழுவிட்டு வான்னு நாங்க சொல்லுவோம்" என்றாள்.

ஜப்பானில் வீட்டுக்குள் நுழைந்ததும் "ததைமா" என்று குரல் கொடுப்பார்கள். இப்போதுதான் வந்தேன் என்று பொருள். மனைவிக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. காய்கறிக் கடைக்குப் போய்வந்தாலும் வாசலில் நின்று "ததைமா!" என்பாள். உள்ளேயிருந்து அம்மா, "கால கழுவிட்டு வா" என்பாள்.

போன வாரம் பெரியம்மா வந்திருந்தார். அம்மா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க போய்ட்டு வந்தாலும் வாசல்ல நின்னு 'அத்தைம்மா'ன்னு ஒரு குரல் குடுத்துட்டுத்தான் உள்ள வருவா. நம்ம பொண்ணுங்க யாரு கூப்புடுது அப்படி?"

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மாவுக்குப் பின்னால் வாசலில் குனிந்து செருப்பைத் திருப்பிக்கொண்டிருந்த மனைவி, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.