கூலி வீடும் கொண்டவள் வீடும்

சகோதரிகளே, "கொழும்பில் இருப்பதா, ஊருக்குப் போவதா?" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் எழுந்திருக்கும்.

நான் மாளிகாவத்தையில் பிறந்தவன். என் மத்ரஸா சம்பளத்தில் பாதி வீட்டுக் கூலிக்கே போகிறது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. பின்னர் அது தணிந்தது. ஏறிய கூலி இறங்கவில்லை. என் மனைவிக்கோ, கிழக்கிலங்கை வழக்கப்படி பெற்றோர் எழுதிக்கொடுத்த வீடு அக்கரைப்பற்றில் பூட்டிக் கிடக்கிறது.

கணக்குப் பார்த்தால் போவதே இலாபம். ஆனால் உம்மா, "வாப்பாட கபுர் இங்க தானே மகன் இருக்கு" என்கிறார். மகளின் உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது.

இஸ்திகாரா தொழுதேன். நண்பர்களிடமும் கேட்டேன். வீட்டுச் சொந்தக்காரியிடம் மட்டும் கேட்கவில்லை! ஒரு நாள் வெட்கத்தோடு கேட்டேன்.

"மகள் சோதினை எழுதட்டும். அதுவரை நான் தைத்துச் சமாளிக்கிறேன். பிறகு மாமியையும் கூட்டிக்கொண்டு போவோம். வருடந்தோறும் கபுரடிக்கு அழைத்து வருவோம்" என்றார். உம்மாவும் தலையசைத்தார்.

மாதக்கணக்கில் நான் தீர்க்காததை, தேநீர் ஆறுமுன் அவர் தீர்த்துவிட்டார். மஷூராவின் சிறப்பை மத்ரஸாவில் படிப்பிக்கிறேன், வீட்டில் மறந்திருந்தேன். சகோதரிகளே, உங்கள் வீட்டில் இந்தக் கணக்கு எழுதப்படும்போது நீங்களும் அருகில் அமருங்கள்.